தேமா, புளிமா, டெவலப்மெண்ட்!

ஆங்கில அகராதியைத் திறந்தா சொல்லுக்கு நடுவுல குட்டிக் குட்டியா புள்ளி வெச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. "டெவலப்மெண்ட்"ங்கற சொல்லுக்கு மூணு புள்ளி, நாலு துண்டு. இந்தப் புள்ளியைப் பார்த்து துண்டு துண்டா படிச்சா உச்சரிப்பு தன்னால வந்துடும், ஸ்பெல்லிங்கும் மனசுல நின்னுடும்னு நம்ம ஊருல ஒரு நம்பிக்கை இருக்கு. வாத்தியார்கள் சொல்றாங்க, கைடு புத்தகம் சொல்லுது, இப்போ யூட்யூப்ல முப்பதே நாளில் ஆங்கிலம் கத்துத்தர்ற அண்ணாச்சிகளும் சொல்றாங்க.

அது பாதிதான் உண்மை மக்களே. அதுவும் அவ்வளவா உதவாத பாதி.

அந்தப் புள்ளி வாசிக்கிறவருக்காக வெச்சது இல்லை, அச்சுக் கோக்கிறவருக்காக வெச்சது. வரி முடியற இடத்துல சொல் அடங்கலைன்னா எங்க வெட்டி, ஒரு சின்னக் கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளலாம்னு காட்டுற அடையாளம். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில "அபவுட்"டைத் தேடிப் பாருங்க. புள்ளியே இருக்காது. வாயால சொன்னா ரெண்டு துண்டு, அ-பவுட். ஆனா வரிக் கடைசியில ஒத்தை எழுத்தைத் தொங்க விடக் கூடாதுங்கறது அச்சகத்துச் சட்டம், அதனால புள்ளி கிடையாது. புள்ளியை நம்பினா "அபவுட்" ஓரசைச் சொல் ஆயிடும்!

இன்னொரு கூத்து "நாலெட்ஜ்". அமெரிக்காக்காரர் எல்லுக்குப் பின்னாடி வெட்டுவார், நால்-எட்ஜ். பிரிட்டிஷ் வழக்கத்துல டபிள்யூவுக்குப் பின்னாடி, நோ-லெட்ஜ். இவங்க காதுல கேட்கிறபடி வெட்டுறாங்க, அவங்க சொல் எதிலேருந்து பிறந்ததோ அதைப் பார்த்து வெட்டுறாங்க. ஒரே சொல், ரெண்டு வெட்டு. (நம்ம அச்சுல இந்தத் தொல்லையே இல்லை. எழுத்துக்கு எழுத்து எங்க வேணா உடைச்சுக்கலாம், ஒற்றெழுத்து மட்டும் வரி ஆரம்பத்துல வந்து நிக்காம பார்த்துக்கிட்டா போதும்.)

ஆய்வேட்டை லேடெக்ஸ்ல அடிச்சுட்டு உக்காந்திருக்கிற என்னை மாதிரி ஜீவன்களுக்கு இந்த வெட்டு ரொம்பப் பழக்கம். அதுக்குள்ள இருக்கிற டெக் மென்பொருள் ஆங்கிலச் சொல்லை வெட்டுற முறையை ஃபிராங்க் லியாங்னு ஒருத்தர் 1983-ல ஸ்டான்ஃபோர்ட்ல தன் முனைவர் பட்ட ஆய்வா செஞ்சார். ஆய்வேட்டுத் தலைப்பையே சொல் சொல்லா வெட்டித்தான் அச்சடிச்சிருப்பார், குறும்புக்காரர். மொத்தம் 4447 எழுத்துக் கோவைகள். அதை வெச்சே அகராதியில இருக்கிற வெட்டுகள்ல 89 சதவீதத்தை அது கண்டுபிடிச்சிடும். ஆனா "பிரசண்ட்", "பிராஜெக்ட்" ரெண்டையும் வெட்டவே கூடாதுன்னு விலக்குப் பட்டியல்ல போட்டு வெச்சிருக்காங்க. ஏன்னா பரிசுன்னு பொருள் வந்தா ஒரு இடத்துல வெட்டணும், வழங்குறதுன்னு பொருள் வந்தா இன்னொரு இடத்துல வெட்டணும். பொருள் தெரியாத மென்பொருள் பாவம் என்ன பண்ணும்? "மேன்ஸ்லாட்டர்"னா ஆளைக் கொல்றது. அதை எஸ்ஸுக்குப் பின்னாடி வெட்டிப் பாருங்க, மிச்சம் இருக்கிறது "சிரிப்பு" :-)

சரி, இதை ஏன் இப்போ எழுதறேன்னா, எங்க துறைக்கு இந்த வருஷம் ஒரு தம்பி வந்திருக்கான். சிவில் எஞ்சினியரிங். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், பாடத்துல புலி. அமெரிக்காவுல படிக்கிறவங்களுக்கு இந்தக் கதை தெரியும்: டீச்சிங் அசிஸ்டெண்ட் வேலை கிடைச்சாத்தான் கல்விக் கட்டணம் தள்ளுபடி, கையில மாசாமாசம் காசு. அந்த வேலைக்கு நம்மை மாதிரி வெளிநாட்டு ஆளுங்க பேச்சு ஆங்கிலத் தேர்வு ஒண்ணு பாஸ் பண்ணணும். பலகை முன்னாடி நின்னு கொஞ்ச நேரம் பாடம் நடத்திக் காட்டணும். தம்பி நடத்தினான். ஃபெயில். "பின்தொடர்ந்து கேட்கக் கடினமாக உள்ளது"ன்னு ஒத்தை வரியில குறிப்பு. எதனாலன்னு யாரும் சொல்லலை. ஊருல பேங்க் லோன் ஓடிட்டிருக்கு, அப்பா ஜாமீன் கையெழுத்து.

"எதைப் பத்திடா நடத்தினே?"

"டெவலப்மெண்ட் லெங்த்ண்ணா. கான்கிரீட்டுக்குள்ள கம்பி எவ்வளவு நீளம் போகணும்கறது. அஞ்சு பராமீட்டர் சொன்னேன். அதுல ஒரு அம்மா திடீர்னு நிறுத்தி, பாரா மீட்டர்னா என்ன கருவின்னு கேட்டுட்டாங்கண்ணா."

எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. ஆனா அந்த அம்மா கிண்டல் பண்ணலை. அவங்க காதுல விழுந்தது ரெண்டு தனிச் சொல்தான்.

பையன் ஒண்ணும் சும்மா போகலை. ஒரு வாரம் உக்காந்து நூறு சொல்லை அகராதிப் புள்ளிப்படி பிரிச்சு நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணியிருக்கான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. "பராமீட்டர்" நாலு துண்டு, வெட்டும் சரியான இடத்துல. ஆனா நாலு துண்டையும் நாலு செங்கல் மாதிரி ஒரே அளவா அடுக்கி வெச்சிருக்கான். எந்தத் துண்டு பெருசுன்னு புள்ளி சொல்லலையே!

இங்கதான் விஷயமே இருக்கு. ஆங்கிலச் சொல்லுல ஒரு அசை ராஜா, மத்ததெல்லாம் ஊழியம். ராஜா சத்தமா, நீளமா, தெளிவா வருவார். ஊழியம் பாக்கிறவங்க உயிரெழுத்து மங்கிப் போய், "அ"வும் இல்லாம "இ"யும் இல்லாம ஒரு அரைகுறைச் சத்தமா முணுமுணுப்பாங்க. ஆங்கிலத்துல அதிகமா புழங்குற உயிர் ஒலியே அந்த முணுமுணுப்புத்தான், ஆனா அதுக்குன்னு ஆங்கிலத்துல தனி எழுத்து கிடையாது. நம்ம தமிழ் எழுத்துலயும் கிடையாது.

அழுத்தம் விழற அசைக்கு முன்னாடி அகராதியில போடற மாதிரி ' குறி போட்டு எழுதறேன், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. படம்: 'ஃபோ-ட-கிராஃப். படம் எடுக்குற கலை: ஃப-'டா-க்ர-ஃபி. அதோட பெயரடை: ஃபோ-ட-'க்ரே-ஃபிக். ஒரே குடும்பத்து மூணு பிள்ளைங்க. அழுத்தம் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு இடம், அது நகர நகர உயிரெல்லாம் நிறம் மாறுது. நாம தமிழ்ல எப்படி எழுதறோம்? ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபி, ஃபோட்டோகிராஃபிக். மூணுலயும் "ஃபோட்டோ" சிமெண்ட் போட்ட மாதிரி அப்படியே நிக்குது. தமிழ் எழுத்துல குறில்னா குறில், நெடில்னா நெடில், ஒவ்வொண்ணுக்கும் அதுக்குரிய மாத்திரையைக் கொடுத்துட்டுத்தான் அடுத்ததுக்குப் போவோம். தமிழுக்கு அது அழகு. அதையே ஆங்கிலத்துக்கும் கொண்டுபோறப்ப கேட்கிறவர் ராஜாவைத் தேடித் தேடிக் களைச்சுப் போறார். டெவலப்மெண்ட்ல ராஜா ரெண்டாவது அசை, டி-'வெ-லப்-மண்ட். ஹோட்டல்ல கடைசி அசை. கமிட்டியில நடு அசை. நம்ம ஊருல மூணையும் முதல் அசையிலயே முடிச்சு வெச்சிடுவாங்க.

இப்போ கொஞ்சம் இலக்கணம். (ஓடாதீங்க!)

ஆங்கிலத்துல சிலபிள்னு சொல்றதுக்கு மொழியியல் புத்தகங்கள்ல "அசை"ன்னுதான் எழுதறாங்க. நாம பள்ளிக்கூடத்துல படிச்ச அசை வேற. நேர், நிரை ஞாபகம் இருக்கா? குறளை அலகிட்டு வாய்பாடு எழுதி மார்க் வாங்கினோமே. தேமாவுல ரெண்டு அசை, தே-மா. சொல்லிப் பார்த்தாலும் ரெண்டு துண்டு, கணக்கு சரி. புளிமாவும் ரெண்டு அசைதான், நிரை-நேர். ஆனா வாய் பு-ளி-மான்னு மூணு தடவை திறக்குது. கருவிளம் அதே ரெண்டு அசை, வாய்க்கு நாலு. குறிலிணையை ஒண்ணா சேர்த்து நிரைன்னு கணக்குப் பண்றது யாப்புக்காரர் கணக்கு, பாட்டோட நடைக்காக. அந்தக் கணக்கோட ஆங்கிலச் சொல்லைப் பிரிக்கப் போனா குழம்பிடும். அதனால தம்பிகிட்ட அசைங்கற சொல்லையே எடுக்கலை. "உயிரை எண்ணு"ன்னேன். எத்தனை உயிர் ஒலி காதுல விழுதோ அத்தனை துண்டு. மெய் எத்தனை வேணா ஒட்டிக்கிட்டு வரட்டும். "ஸ்ட்ரெங்த்ஸ்"னு ஒரு சொல், ஆங்கிலத்துல ஒன்பது எழுத்து, உயிர் ஒண்ணே ஒண்ணு. உடம்பு பெருசு, உயிர் ஒண்ணு! ("பாட்டில்", "பட்டன்" மாதிரி சொற்கள்ல கடைசியில வர்ற எல், என் ரெண்டும் உயிர் இல்லாமலே ஒரு அசையைத் தாங்கும். அது தனிக் கேஸ்.)

எண்றப்போ நம்ம வாய் ஒரு வேலை பண்ணும், கவனமா இருக்கணும். சொல் முதல்ல தனி மெய் வராதுன்னு தமிழ் இலக்கணம் சொல்லுது. அதனாலதான் பாட்டிமார் வாயில ஸ்கூல் "இஸ்கூல்" ஆகுது, ஸ்டேஷன் "டேசன்" ஆகுது. வல்லின மெய்யில சொல் முடியாதுன்னும் சொல்லுது. அதனால கேட் "கேட்டு" ஆகுது, பேங்க் "பேங்க்கு" ஆகுது. ஒவ்வொரு தடவையும் ஓர் உயிரைத் தானம் பண்ணிடறோம். தப்பே இல்லை, கடன் வாங்கின சொல்லை நம்ம வீட்டு வழக்கப்படி நடத்துறோம், எல்லா மொழியும் செய்யறதுதான். ஆங்கிலம் பேசறப்போ மட்டும் அந்தத் தானத்தை நிறுத்தணும்.

வேடிக்கை என்னன்னா, மங்கின உயிர்ங்கறது நமக்குப் புதுசே இல்லை. குற்றியலுகரம்னா என்ன? வல்லினத்து மேல ஏறி வர்ற கடைசி "உ", ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டியது அரை மாத்திரையா குறுகிப் போறது. ஐகாரக் குறுக்கமும் அதே ஜாதி. "பாட்டு"ங்கறப்போ கடைசி "டு"வை உதடு குவிச்சு முழுசா யாராவது சொல்றோமா? அந்தக் குறுக்கத்தை எடுத்து, அழுத்தம் இல்லாத எல்லா இடத்துலயும் தெளிச்சு விட்டா ஆங்கிலம். இதைத் தம்பிகிட்ட சொன்னப்போ அவன் முகத்துல ஒரு வெளிச்சம் வந்தது பாருங்க! "அப்போ இது குற்றியல் அகரமாண்ணா?"ன்னான். தொல்காப்பியர் மன்னிப்பாராக, அதேதான்டா தம்பி.

அடுத்த கேள்வி, ராஜா எந்த அசைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது. நிறைய சொல்லுக்கு அகராதிதான் கதி. ஆனா படிப்புல வர்ற நீளச் சொற்கள்ல முக்கால்வாசிக்கு வாலைப் பார்த்தே சொல்லிடலாம். "ஷன்"னு முடிஞ்சா அதுக்கு முந்தின அசை: எ-ஜு-'கே-ஷன். "இக்"னு முடிஞ்சாலும் முந்தினது: எ-க-'நா-மிக். (அரித்மெட்டிக், பாலிடிக்ஸ் ரெண்டும் அடங்காப்பிடாரிகள்.) "கிராஃபி", "லஜி"ன்னு முடிஞ்சா கடைசியிலேருந்து மூணாவது. அளக்கிற கருவியா "மீட்டர்" வந்தாலும் கடைசியிலேருந்து மூணாவது: தர்-'மா-மி-டர், ப-'ரா-மி-டர், ஸ்பீடாமீட்டர். நம்ம பராமீட்டர் கருவி இல்லைன்னாலும் இந்தக் கூட்டத்தோடதான் சேரும், ப-'ரே-மி-டர். ஆனா நீளம் அளக்கிற அலகா இருந்தா முதல் அசை: 'சென்-டி-மீ-டர். அப்போ கிலோமீட்டர்? அதுல அவங்களுக்குள்ளேயே சண்டை, ரெண்டு விதமாவும் சொல்றாங்க. நாம வேடிக்கை பார்க்கலாம். கவனிச்சீங்களா, யாப்புல முன்னாலேருந்து அலகிடறோம், இங்க பின்னாலேருந்து எண்ணணும்.

வெட்டுற இடத்தைப் பத்தி மண்டையை உடைச்சுக்கவே வேணாம்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. "ஹாப்பி"யில நடுவுல இருக்கிற "ப்" எந்தப் பக்கம்? டேனியல் கான்னு ஒருத்தர் 1976-ல எம்ஐடி ஆய்வேட்டுல, இந்த மாதிரி மெய் ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம்னார். லாங்மேன் உச்சரிப்பு அகராதியைத் தொகுத்த ஜான் வெல்ஸ், அழுத்தமான அசை எதுவோ அதோட சேர்த்துடுங்கன்னார். அடுத்த அசையோட முதல்ல எவ்வளவு மெய்யைத் தள்ள முடியுமோ தள்ளுன்னு ஒரு மூணாவது கட்சி. பண்டிதர்களே பங்காளிச் சண்டை போடற இடத்துல எட்டாங்கிளாஸ் பையனுக்கு "சரியான இடத்தில் பிரித்து எழுதுக"ன்னு மார்க் போடறது அநியாயம் இல்லையா? அசை எத்தனைங்கறதுல பெரும்பாலும் சண்டை கிடையாது. அழுத்தம் எதுலங்கறதுலயும் அவ்வளவா கிடையாது. அந்த ரெண்டையும் விட்டுட்டு, சண்டை நடக்குற மூணாவதைத்தான் நாம பாடமா வெச்சிருக்கோம்.

ஸ்பெல்லிங் பத்தி. இங்கயும் துண்டு போடறதுல பலன் இருக்கு, ஆனா அழுத்தம் தெரிஞ்சாத்தான். "அக்கர்"னா நிகழ்தல், இறந்தகாலத்துல ஆர் ரெண்டு. "ஆஃபர்"ல ஆர் ஒண்ணு. ஏன்? முதல் சொல்லுல அழுத்தம் கடைசி அசையில, ரெண்டாவதுல முதல் அசையில. அழுத்தம் கடைசியில விழுந்தா மெய் இரட்டிக்கும். "பிகின்" இரட்டிக்கும், "விசிட்" இரட்டிக்காது. (தமிழ்ல எழுதறப்போ விசிட்டிங்னு நாமதான் ட்-டை இரட்டிக்கிறோம்.) "டிராவல்" விஷயத்துல மட்டும் பிரிட்டிஷ்காரங்க விதியை மீறி ரெண்டு எல் போடுவாங்க, அமெரிக்கர்கள் ஒண்ணோட நிறுத்திக்குவாங்க. இதைப் பட்டியலா மனப்பாடம் பண்ணின பிள்ளைங்க எத்தனை பேர்! காதுல விழற ஒரே விஷயத்தை யாரும் சொல்லித் தரலை.

பிரிச்சுப் படிச்சு ஸ்பெல்லிங் கத்துக்கறதை அமெரிக்காவுல ஊர் ஊரா பரப்பினது நோவா வெப்ஸ்டரோட நீல அட்டைப் புத்தகம், 1783. அதுக்கு முன்னாடி புழக்கத்துல இருந்த இங்கிலாந்துப் புத்தகம் தாமஸ் தில்வொர்த் எழுதினது. தில்வொர்த் "ஹாபிட்"டை ஹா-பிட்னு பிரிச்சார். வெப்ஸ்டர், இப்படிப் பிரிச்சா பிள்ளை "ஹே-பிட்"னு படிக்குமே, ஹாப்-இட்னு பிரியுங்கன்னார். "ஷன்"னு ஒலிக்கிறதை ரெண்டு துண்டா வெட்டி வெச்சிருந்ததையும் ஒண்ணாக்கினார். ஆக, 240 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் எழுத்தைப் பார்க்காதே, காதைக் கேளுன்னு சொல்லியிருக்கார். அவர் பேர்ல ஓடுற அகராதியோட புள்ளியை வெச்சுத்தான் நாம மறுபடி எழுத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கோம்.

அதே சமயம் துண்டு போட்டா எல்லா ஸ்பெல்லிங்கும் வந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1985-ல அமெரிக்க தேசிய ஸ்பெல்லிங் போட்டியில பாலு நடராஜன் ஜெயிச்சார், இந்திய வம்சாவளியில முதல் ஆள். ஜெயிச்ச சொல் "மில்யூ". அதை எத்தனை துண்டு போட்டாலும் கடைசியில வர்ற மூணு உயிரெழுத்து வரிசை காதுல விழாது, ஃபிரெஞ்சுச் சொல்னு தெரிஞ்சாத்தான் பிடிபடும். அதனாலதான் போட்டிப் பிள்ளைங்க மேடையில நின்னு, இது எந்த மொழிச் சொல்னு முதல்ல கேட்குதுங்க.

ஒரு எதிர்க்கேள்வி வரும், தெரியும். "ஏன்யா, நாம எதுக்கு வெள்ளைக்காரன் மாதிரி பேசணும்? இந்திய ஆங்கிலமும் ஆங்கிலம்தானே?" தாராளமா. நான் மூக்கால பேசச் சொல்லலை, "ர"வை உருட்டச் சொல்லலை, "வாட்டர்"ஐ "வாடர்" ஆக்கச் சொல்லலை. உச்சரிப்பை வெச்சு அறிவை எடை போடறவங்களைக் கண்டா எனக்கும் எரிச்சல்தான். கேட்கிறவங்களும் கொஞ்சம் காதைத் தீட்டிக்கணும், நம்ம பேராசிரியர்கள்ல பாதிப் பேர் வெளிநாட்டு உச்சரிப்போடதான் காலம் தள்ளுறாங்க, அவங்க பாடம் யாருக்கும் புரியாம போயிடலை. ஆனா தேர்வு எழுதப்போற தம்பிக்கு இந்த நியாயம் சோறு போடாது. நாப்பது அம்பது சொல்லுல ராஜாவை இடம் மாத்தினா அவன் சொல்ற கான்கிரீட் கணக்கு அவங்க காதுல விழும். இவ்வளவு சின்ன விஷயம், பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடத்துல ஒரு பீரியட் கூட வரலைங்கறதுதான் எனக்குக் கோபம். அதே பிள்ளை குறளை அலகிட்டு "நாள், மலர், காசு, பிறப்பு"ன்னு வாய்பாடு எழுதத் தெரிஞ்ச பிள்ளை. காதால கேட்டுப் பிரிக்கிற பழக்கம் ஏற்கெனவே கையில இருக்கு. ஆங்கில வாத்தியார் பக்கத்து வகுப்புத் தமிழ் ஐயாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசினா போதும்.

இப்போ நாங்க செய்யறது இதான். தம்பி தன் பாடத்துல அடிக்கடி வர்ற சொல் நாப்பதை எழுதினான். ஒவ்வொண்ணுக்கும் உயிரை எண்ணி அத்தனை தடவை மேசையில தட்டணும், ராஜா வர்ற இடத்துல மட்டும் பலமா. டக் 'டம் டக் டக், பராமீட்டர். டக் 'டம் டக் டக், டெவலப்மெண்ட், ஈக்விவலண்ட். மூணும் ஒரே வாய்பாடுன்னு அவனே கண்டுபிடிச்சு, ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பேரும் வெச்சுட்டான். இந்தத் தாளத்துக்கு வெச்ச பேர் "பரோட்டா சால்னா". பக்கத்து ரூம் சீனப் பையன் மிருதங்கம் கத்துக்கறீங்களான்னு கேட்டுட்டுப் போனான்.

மறுதேர்வு அடுத்த மாசம். சிவில் பக்கத்து நீளச் சொற்கள் வேற இருந்தா பின்னூட்டத்துல போடுங்க, குறிப்பா "மீட்டர்"லயும் "லஜி"யிலயும் முடியாத, வாலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஆசாமிகள். ஈழத்து நண்பர்கள், மலேசியா சிங்கை நண்பர்கள் உங்க பள்ளியில இதை எப்படிச் சொல்லித் தந்தாங்கன்னும் எழுதுங்க. தம்பி தினமும் வந்து படிப்பான்.